பாகனின் ஸ்கூட்டர்

கோயில் யானை செண்பகவல்லிக்கு உடம்பு பெருத்துவிட்டது. நின்ற இடத்திலேயே ஆளாளுக்கு வெல்லமும் பழமும் ஊட்டினால் வேறென்ன ஆகும்? "தினமும் ஆற்றங்கரை வரைக்கும் நடக்க விடுங்க" என்று கால்நடை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து செண்பகவல்லி நடந்தாள். பாகன் வேலப்பன் ஸ்கூட்டரில் உட்கார்ந்து, பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான். மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்குவது நின்றது. அவனுக்குத்தான் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை.

ஒருநாள் ஸ்கூட்டரில் வந்தபடியே மனைவியிடம் போனில் பேசினான்: "அப்பாவுக்கு இருந்த சுகர் எனக்கும் எட்டிப் பாக்குதாம். இப்பவே தினமும் நடந்தா வர்ற வாய்ப்பு குறையும்னு டாக்டர் சொல்றார். யானையைப் பாத்துக்கவே நேரம் சரியா இருக்கு, நான் எங்க போய் நடக்க?"

செண்பகவல்லியின் முதுகில் உட்கார்ந்திருந்த காக்கை சிரித்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் அவன் ஸ்கூட்டரைக் கிளப்பப் போனபோது, தும்பிக்கையை நீட்டிச் சாவியை உருவித் தெப்பக்குளத்தில் வீசினாள். அவன் கத்தினான், கெஞ்சினான், கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு அவளோடு நடந்தான்.

"உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றது காக்கை. "வீட்டுல இன்னொரு சாவி வெச்சிருப்பான்."

"எனக்குப் பழம் கொடுக்க ஊரே இருக்கு. காதுக்குப் பின்னால தேய்ச்சுக் குளிப்பாட்ட இவன் ஒருத்தன்தானே" என்றாள் செண்பகவல்லி. "அந்தச் சாவிக்கும் குளத்துல இடம் இருக்கு."