சிவப்புக் குழாய்

கைக்குழந்தையோடு அஜிஷா வளைகுடாவின் அல் குசைஸில் வந்து இறங்கியது 2004 ஜூலையில். வந்த மூன்றாம் நாளே ஒழுகிய ஹீட்டரைக் கழற்றிப் புதிது மாட்ட ஆள் கூட்டிவந்தான் கணவன் மரியராஜ்.

பிளம்பர் பன்னீர்செல்வம் வால்வை இறுக்கி மூடினார். தண்ணீர் நிற்காமல் வழிந்து கையைச் சுட்டது.

“வால்வு பேருக்குத்தான் இருக்கு அண்ணே. நாளைக்கு வரட்டா?”

“இன்னைக்கே முடிங்க. பிள்ளையைக் குளிப்பாட்டணும்,” என்றான் மரியராஜ்.

“இந்த வேக்காட்டுல பிள்ளைக்கு வெந்நீரா? அவிஞ்சிரும்,” என்றாள் அஜிஷா.

கட்டடத்தின் மெயின் குழாயையே அடைத்து ஒருவழியாக ஹீட்டரை மாட்டினார்கள். மரியராஜ் அதன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டினான்.

“இதைப் போட்றாத. மாடித் தொட்டித் தண்ணி கொதிக்குது. ஏசி வீட்டுக்குள்ள இந்த ஹீட்டர் தொட்டியில ராத்திரி முழுக்கக் கிடந்தாத்தான் ஆறும்.”

மறுநாள் வெந்நீருக்கான சிவப்புக் குழாயில் குளிர்ந்த நீர் வந்தது. பிள்ளை அலறாமல் குளித்தான்.

ஊர் திரும்பிப் பல வருடங்களாகிவிட்டன. கோடை வந்தால் அஜிஷாவின் கை இன்னும் சிவப்புக் குழாயைத்தான் திறக்கிறது. அதில் வரும் வெந்நீர் சுட்ட பிறகுதான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது நினைவுக்கு வருகிறது.