நத்தையக்காவின் நோயாளி

வளர்க்கிறவர் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கண்ணாடித் தொட்டியில் இருந்த, தண்ணீரிலேயே வாழும் பல்லி போன்ற ஆக்ஸலாட்டல் குட்டிக்கு உடம்புக்கு முடியாமல் போனது. வலது முன்னங்காலில் பஞ்சு போலப் பூசணம் பிடித்துவிட்டது. அதுவரை யாரும் கண்டுகொள்ளாத நத்தையக்காதான் வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

பூசணத்தை நாக்கால் சுரண்டி எடுத்தாள். "புழு சூடு, வாயில வைக்காதே. பாசிதான் பத்தியம்" என்று ஊட்டினாள். குட்டிக்குப் பாசி ஆகாது. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பிவிடும்.

கப்பி மீன்கள் கூட்டமாக வந்து குட்டியிடம் நலம் விசாரிக்கும். நத்தையக்காதான் முந்திக்கொண்டு பதில் சொல்வாள்.

"ராத்திரி பூரா எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை. நான் மட்டும் இல்லேன்னா இது என்னைக்கோ போய்ச் சேர்ந்திருக்கும்."

"உன்னை மாதிரி யாரு செய்வா?" என்று மீன்கள் உச்சுக் கொட்டும்.

ஒரு நாள் காலையில் கால் ஆறிவிட்டது. குட்டி தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அன்றைக்கு மீன்கள் எட்டிப் பார்க்கவில்லை. நத்தையக்கா பாதி ஓட்டுக்குள் போய்விட்டு, மறுபடி தலையை நீட்டினாள்.

"இடது கால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

குட்டி அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு மெதுவாக இடது காலைத் தூக்கி நீட்டியது.

"லேசா வலிக்கிற மாதிரிதான் இருக்கு."

"நான் அப்பவே நினைச்சேன்!" என்று பாசி பறிக்கக் கிளம்பினாள் நத்தையக்கா. ஒரு நத்தைக்கு அப்படி ஒரு வேகத்தை அந்தத் தொட்டி அதுவரை பார்த்ததில்லை.