எந்தப் பக்கம் மேலே

கப்பலில் வந்திறங்கும் துணிமணிகளை ஆணுடை, பெண்ணுடை என்று பிரித்துச் சுங்கத் தீர்வை போடுவது பூங்கோதையின் உத்தியோகம். இடப்பக்கம் மேலே வந்து மூடினால் ஆணுக்கு, வலப்பக்கம் மேலே வந்தால் பெண்ணுக்கு. காலையிலிருந்து விரித்து விரித்துக் கை ஓய்ந்துபோன நேரத்தில் ஒரு ஜெர்கின் வந்தது. இரண்டு பக்கமும் நடுவில் ஜிப்போடு நின்றுவிட்டன. புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“எதுன்னு தெரியலேன்னா லேடீஸ்ல போடணும், அதானே மேடம் ரூலு?” என்றார் சரக்கெடுக்க வந்த ஏஜெண்ட் பீர்முகமது.

அந்நேரம் கணவன் போனில் அழைத்தான்.

“அப்பா மறுபடி விழுந்துட்டாரு. யாராச்சும் வேலைய விட்டுட்டுக் கூடவே இருக்கணுமாம்.”

“யாரு இருக்கறது?”

“அதான் தெரியல,” என்றான்.

பூங்கோதை ஜெர்கினை மெதுவாக மடித்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, “லேடீஸ்லயே போட்டுடறேன்,” என்றாள்.