கொக்குக்கு விழுந்த திட்டு

"இதுக்குப் பேரு கொக்காம். எங்க வீட்டு உடைஞ்ச குடையே இதைவிடக் கொக்கு மாதிரி இருக்கும்."

கட்டம் போட்ட சட்டைக்காரர் தொண்டை கிழியச் சொன்னபோது, கொக்கைச் செய்த பெண் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸுக்குச் சுருக்கென்றது. ராத்திரி ட்யூட்டி முடித்துத் தூங்காமல் கணவனோடு வந்திருந்தாள். பொறுமை ஏற்கெனவே குறைச்சல்.

பழைய இரும்பில் செய்த சிலைகள் நிற்கும் தோட்டம் அது. கொக்குக்குக் கிடைத்த இடம் கழிப்பறைச் சுவரோரம். சற்று முன்புதான் அந்தப் பெண் நர்ஸிடம் சொல்லியிருந்தாள்.

"இன்னைக்குக் கடைசி நாள்க்கா. முதலாளி மாடி ஜன்னல்ல இருந்து பார்த்துட்டே இருப்பார். எந்தச் சிலை முன்னாடி ஜனம் நிறைய நிக்குதோ, அது ஒண்ணு மட்டும் இங்கேயே இருக்கும். மத்ததெல்லாம் மறுபடி பழைய இரும்புக் கடைக்கு. எனக்கு இதுதான் முதல் சிலை. காலையிலிருந்து உங்களைத் தவிர யாரும் வரலை."

சொல்லும்போது கையைக் கட்டிக்கொண்டாள். முன்கை முழுக்க வெல்டிங் பொறி பட்ட தழும்புகள். சிலது இன்னும் ஆறவில்லை. நர்ஸ் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது.

"அப்படி என்ன குறை கண்டீங்க இதுல?" என்றாள் கட்டம் சட்டையிடம்.

"விடேன், நமக்கெதுக்கு?" கணவன் அவள் பையைப் பிடித்து இழுத்தான். பை மட்டும் அவன் கையோடு வந்தது.

"எதைச் சொல்ல, எதை விட? கழுத்தைப் பாருங்க. சைக்கிள் செயின். கண்ணிக்குக் கண்ணி பத்த வெச்சு வளைச்சிருக்கு. வேலையத்த வேலை."

போய்க்கொண்டிருந்த மூன்று பேர் நின்றார்கள். கிட்டே வந்து கழுத்தைப் பார்த்தார்கள்.

"இறகைப் பாருங்க. அத்தனையும் ஸ்பூன். யாராவது உட்கார்ந்து ஒவ்வொண்ணா நெளிச்சு அடுக்குவாங்களா? அதுவும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லாம?"

"நல்லாத்தானே சார் இருக்கு" என்றார், குழந்தையைத் தோளில் தூக்கி வந்த ஒருவர்.

"எங்க நல்லாருக்கு? ஒத்தைக் கால்ல நிக்குது. காத்தடிச்சா போச்சு."

"பின்னே கொக்கு நாலு கால்லயா நிக்கும்?" என்றாள் நர்ஸ். கூட்டம் சிரித்தது. "உங்களால இப்படி ஒண்ணு செய்ய முடியுமா?"

அவர் ஒரு கணம் கொக்கையே பார்த்தார்.

"முடியாதுதான்." குரல் இறங்கியிருந்தது. உடனே பழையபடி, "அதுக்காக இதைக் கொக்குன்னு ஒத்துக்கணுமா?"

"ஒத்துக்கிட்டா என்னய்யா குறைஞ்சு போவே?" பின்னாலிருந்து ஒரு குரல். ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். ஐஸ்கிரீம்காரர் வண்டியையே இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

நர்ஸ் அதோடு விடவில்லை. நேரே வாசலுக்குப் போய் வாட்ச்மேனைப் பிடித்தாள்.

"அங்க ஒருத்தர் வாய்க்கு வந்தபடி திட்டிட்டிருக்கார். அந்தப் பொண்ணு பாவம். முதல்ல அவரை வெளிய அனுப்புங்க."

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "அவரா? அவரும் சிலை செய்யறவர்தாம்மா. இதோ, இந்த மயில் அவரோடது."

"அதானே பார்த்தேன். வயித்தெரிச்சல்." நர்ஸுக்குச் சந்தேகமே இல்லை. "வார்டுல எத்தனை பேரைப் பார்க்கிறேன். முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிடுவேன்."

வாட்ச்மேன் மயிலுக்கு முன்னால் காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டினார்.

"கொஞ்ச நேரம் முன்னாடி வரை இங்க நிக்க இடமில்லம்மா. முதலாளி கண்ணும் இங்கதான் இருந்துச்சு. 'புதுசா வந்த பொண்ணு, மூலையில தனியா நிக்குது. புகழ்ந்து பேசினா ஒருத்தனும் திரும்ப மாட்டான், திட்டினா சண்டைக்கு ஊரே வரும். ஒரு நடை போய்த் திட்டிட்டு வரேன்'னு என்கிட்ட சொல்லிட்டுத்தாம்மா போனார்."