போர்டைக் கழற்றிய கடிதம்

பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தபோதுதான் பாஸ்டர் ஜாய்சன் அதைப் பார்த்தார். கதவிடுக்கில் நாலாக மடித்த ஒரு காகிதம். பத்து நாளில் இது மூன்றாவது.

நிமிர்ந்தால், எதிரே தன் ஹார்டுவேர் கடை வாசலில் அர்ஜுனன் நின்றிருந்தார். தோளில் கட்சித் துண்டு, கையில் டீ கிளாஸ். பார்வை நேராக இவர் மேல்.

“என்ன பாஸ்டரே, சபை போர்டைக் காணோம்?” என்று கேட்டுச் சிரித்தார்.

“பெயின்ட் அடிக்கக் குடுத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு ஜாய்சன் சட்டென்று கதவைத் தாழிட்டார். ஊழியக்காரர் வாயில் விடிந்ததும் விடியாததுமாக ஒரு பொய். பயம் வந்துவிட்டால் பத்துக் கட்டளையில் எது ஞாபகத்தில் நிற்கிறது!

காகிதத்தைப் பிரித்தார். முந்தைய இரண்டைப் போலவே மேல்பக்கம் ஒரு விரற்கடை அளவுக்குக் கிழிக்கப்பட்டிருந்தது. இடது கையால் எழுதியது போல எழுத்துகள் கோணல்மாணலாகச் சரிந்து கிடந்தன.

‘நாளை ஜெபக்கூட்டம் நடந்தால் வீடு எரியும். பெண்டாட்டி பிள்ளையை நினைத்துப் பார்.’

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலைக்குப் போகும் முப்பது, முப்பத்தைந்து பேர்தான் அவருடைய சபை. வாடகைக்கு எடுத்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு வீட்டின் முன்னறைதான் ஆலயம். 2008-ல் எலெக்‌ஷன் முடிந்து கர்நாடகத்தில் அர்ஜுனனின் கட்சி ஆட்சிக்கு வந்ததிலிருந்து பேச்சே மாறிப்போயிருந்தது. அங்கே ஜெப வீட்டில் கல் விழுந்ததாம், இங்கே பாஸ்டரை அடித்தார்களாம் என்று தினம் ஒரு சேதி வந்துகொண்டிருந்தது.

அவர் மனைவி பவுலின் ஒரு மாதமாகவே சொல்லிப் பார்த்தாள். மைக்கை நிறுத்துங்கள், போர்டைக் கழற்றுங்கள், கொஞ்ச நாள் கே.ஜி.எஃப்.பில் அம்மா வீட்டில் போய் இருந்துவிட்டு வரலாம் என்று கெஞ்சினாள். “விசுவாசம் இல்லாத பேச்சு பேசாத” என்று ஒரே வரியில் அவள் வாயை அடைத்துவிட்டார்.

ஆனால் முதல் கடிதம் வந்த அன்றே மைக் நின்றது. இரண்டாவது கடிதத்துக்குப் போர்டு இறங்கிக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து தலைமாட்டில் இரண்டு பக்கெட் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் பாஸ்டர் படுக்கிறார். தெருவில் பைக் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

பவுலின் அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். இடுப்பில் நாலு வயதுப் பாப்பா. கடிதத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போயிற்று.

“நாளைக்குக் கூட்டம் வேணாங்க. இன்னிக்கே பஸ் ஏறிடலாம்.”

அவருக்கும் ஆசைதான். இதுவரை ஊரை விட்டு அசைய மறுத்தவர் ஒரு கணம் பெட்டியைக்கூடப் பார்த்தார். “நாம ஓடிட்டா, நாளைக்கு வர்ற முப்பது பேரு கதி? நேத்தே ஸ்டேஷன்ல போய்க் கேட்டுட்டேன். யார் மேல சந்தேகம்னு பேரை எழுதிக் குடுத்தா, உடனே தூக்கிட்டு வந்து விசாரிக்கிறோம்னாங்க.”

“பேரா? யார் பேரு?”

“வேற யாரு, எதிர்க்கடைதான். போன மாசம் ‘எத்தனை பேரு வர்றாங்க’ன்னு என்கிட்டயே கேட்டான் இல்ல?”

வெள்ளைத் தாளை எடுத்துவைத்து உட்கார்ந்தார். கை தன்பாட்டில் உச்சியில் ‘இயேசுவே ஜெயம்’ என்று எழுதிவிட்டது. மளிகைச் சீட்டானாலும் அந்த வீட்டில் அது இல்லாமல் யாரும் பேனாவை நகர்த்துவதில்லை. இன்ஸ்பெக்டர் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று பயந்து, அந்த வரியை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு, தெரிந்த கன்னடத்தில் புகாரை ஆரம்பித்தார்.

“அவருக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குங்க” என்றாள் பவுலின்.

“நமக்கும் ஒண்ணு இருக்கு. இது எரிஞ்சா பரவால்லையா?”

அவள் பாப்பாவை இறுக்கிக்கொண்டாள். அவர் அர்ஜுனன் பெயரை எழுதி, கடை விலாசத்தையும் போட்டு, கீழே கையெழுத்திட்டார். மூன்று கடிதங்களையும் சேர்த்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

கதவருகே போனபோது பவுலின் குறுக்கே வந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள்.

“அவர் இல்லங்க.”

“உனக்கெப்படித் தெரியும்?”

அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. வெளியே அர்ஜுனன் யாரிடமோ உரக்கப் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“கேட்டியா சிரிப்பை? இன்னும் அரை மணி நேரத்துல போலீஸ் ஜீப் வந்து நிக்கும். கையை எடு பவுலின்!”

அவள் கையை எடுக்கவில்லை. கல்யாணமான ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

“நான் வாயால சொன்னப்ப நீங்க கேக்கலையே... அதான் எழுதினேன்.”