எடுத்ததைத் திருப்பி வைக்கிறவன்

பள்ளத்தாக்கின் கண்காணிப்புக் கிணற்றில் தண்ணீர் தினமும் இருமுறை விரலளவு இறங்கியது. நிலத்தடி நீர்ப் பொறியாளரான தங்கை, கூடப்பிறந்தவன் என்றும் பாராமல், பக்கத்துத் தோட்டத்து அண்ணனின் மோட்டாருக்கு சீல் வைத்தாள். அப்படியும் இறங்கியது.

இன்று அவளே வந்து அந்த முத்திரையை உடைத்தாள்.

"நான் திருடலைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்றான் அண்ணன்.

"தப்புதாண்ணா. நிஜத் திருடன் எடுத்ததைத் திருப்பி வச்சிடறான். தினமும் கொஞ்சம் பிந்தி வர்றான்."

"எவன் அவன்? காலை முறிச்சிடறேன்!"

அவள் வானத்தைக் காட்டினாள். வெயிலில் வெளுத்துப்போன அரை நிலா.

"கடலை இழுக்கிற மாதிரி நம்ம பாறையையும் இழுக்குதுண்ணா. பாறை விரிஞ்சா தண்ணி இறங்குது, சுருங்கினா ஏறுது. நாம நிக்கிற தரையே மூச்சு விடுது."

சொல்லும்போதே அவளுக்கு மெய்சிலிர்த்தது.

காலை முறிக்கக் கிளம்பிய அண்ணன், செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் வைத்தான்.