அரக்குப் பட்டிழை

ரவிசங்கரின் சட்டையில் மறுபடியும் அரக்குப் பட்டிழையும் ஜரிகைத் துணுக்கும் ஒட்டியிருந்தன. ஷியாமளாவுக்கு வயிறு எரிந்தது.

“துபாய்ல வெள்ளிக்கிழமை லீவானா மேனேஜர் வீடுன்னு ஓடறீங்களே, எவளோட புடவை இது?”

“ஐயோ! அவர் லீவுல ஸ்காட்லாந்து போய் டிரவுட் மீன் பிடிக்கறவர். தூண்டிமுள்ளுல பட்டும் ஜரிகையும் சுத்திப் பூச்சி மாதிரி கட்டினாத்தான் மீன் ஏமாறும். இதோ, அவர் குடுத்த பழைய புத்தகம். அசல் பட்டுதான் வேணும்னு போட்டிருக்கு. நான்தான் கட்டிக் குடுக்கறேன், புரமோஷன் நேரமாச்சே!”

பக்கம் பக்கமாகப் பூச்சிப் படங்கள். ஷியாமளாவுக்கு மனசு குளிர்ந்தது.

“அது சரி, அசல் பட்டு எங்க கிடைச்சுது?”

ரவிசங்கர் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஷியாமளா ஓடிப்போய் பீரோவைத் திறந்தாள். அவளுடைய அரக்கு நிறக் கல்யாணக் கூறைப்புடவையில் முந்தானையைக் காணோம்.